எந்தக் காலத்துத் திருகாணி?

எங்கட வீட்டில் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல் இருக்கிறது. அதற்குள் ஹோர்லிக்ஸ் இருந்த காலம் எனக்குத் தெரியாது. நான் அறிய அதற்குள் இருப்பது திருகாணிகளும் நட்டுகளும் வொஷர்களும்தான். அப்பப்பாவின் ஒஸ்ரின் ஏ-40 காரில் ஏதாவது கழன்று வேறொன்று பூட்டப்பட்ட போதெல்லாம், கழன்றது இந்தப் போத்தலுக்குள் போயிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு சாமானை எறிவதென்பது லேசில் நடக்கிற காரியம் இல்லைத்தானே.

கார் 1953ஆம் ஆண்டின் ஏ-40 சொமர்செற். அப்பப்பா அதை ஹயருக்கு ஓடினார். பிறகு அப்பா ஓடினார். பிறகு அது கொட்டிலுக்குள் நின்றது. போன வருசம் லண்டனில் இருந்து சித்தப்பா கோல் எடுத்தார். மகளின் கல்யாணத்தை ஊரில் வைக்கப்போகிறாராம். பொம்பிளையும் மாப்பிளையும் அந்தக் காரில்தான் வரவேண்டுமாம். "தம்பி, ஐயா வாங்கின அண்டைக்கு எப்பிடி நிண்டுதோ அப்பிடியே இருக்கவேணும். ஒரு ஸ்குரூகூடப் பிழைக்கக்கூடாது" என்றார்.

‘ஒரு ஸ்குரூகூட’ என்பது சும்மா ஒரு பேச்சு எண்டுதான் முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. பழைய கார்களை மீளமைப்பவர்களின் உலகத்தில் அது உண்மையாகவே பெரிய விசயம். காரின் வயதுக்கு ஏற்ற தலையா, ஏற்ற புரியா, ஏற்ற முலாமா என்று ஒவ்வொரு திருகாணியையும் பார்ப்பார்கள். போத்தலைக் கவிழ்த்துக்கொட்டி, ஒவ்வொன்றாகப் பிரித்து, எது எந்தக் காலத்தது என்று பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. அந்த வேலைக்காக வாசித்ததும், கராஜ்கார அண்ணையிடம் கேட்டதும்தான் இந்தக் கட்டுரை.

புரிகள் ஒத்துப்போன கதை

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் திருகுக் கணிச்சியைக் கையில் எடுத்திருப்பீர்கள். புரியிடைத் தூரம் அரை மில்லிமீற்றர், ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கணக்குச் செய்திருப்பீர்கள். அந்தக் கருவி வேலை செய்வதற்குக் காரணம், அதிலுள்ள எல்லாப் புரிகளும் ஒரே அளவாக இருப்பதுதான். 200 வருசத்துக்கு முதல் இது சாதாரண விசயம் இல்லை. ஒரு பட்டறையில் வெட்டின நட், பக்கத்துப் பட்டறையின் போல்ற்றில் ஏறாது. சிலவேளை ஒரே பட்டறையில் வெட்டின இரண்டு போல்ற்றுகளுக்கு இடையிலேயே மாற்றிப் பூட்ட முடியாது.

லண்டனில் பட்டறை வைத்திருந்த ஹென்றி மோட்ஸ்லி, 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில், ஒரே அளவாகப் புரி வெட்டக்கூடிய கடைசல் இயந்திரத்தை உருவாக்கினார். அவருடைய பட்டறையில் வேலை செய்த ஜோசப் விற்வேர்த் 1841இல் ஒரு யோசனையை முன்வைத்தார். புரியின் கோணம் எல்லா இடத்திலும் 55 பாகையாக இருக்கட்டும். இந்த விட்டத்துக்கு அங்குலத்துக்கு இத்தனை புரி என்று ஒரு அட்டவணை இருக்கட்டும். ரயில் கம்பனிகள் அதைப் பிடித்துக்கொண்டன. எங்கட பழைய கராஜ்களில் இன்றும் கிடக்கிற ‘விற்வேத் ஸ்பனர்’ அந்த மனிதரின் பெயர்தான். அந்த ஸ்பனரில் உள்ள இலக்கம் நட்டின் தலையை அளந்து சொல்கிற இலக்கம் இல்லை, போல்ற்றின் தண்டு விட்டம். அதனால்தான் ‘கால்’ என்று எழுதியிருக்கிற ஸ்பனரின் வாய் கால் அங்குலத்தைவிடப் பெரிசாக இருக்கும். இது தெரியாமல் நான் ஒரு பின்னேரம் முழுக்க மினக்கெட்டேன்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1864இல் வில்லியம் செலர்ஸ் 60 பாகைப் புரியை முன்மொழிந்தார். பிரித்தானியாவுக்குள்ளேயே சிறு கருவிகளுக்கென்று 47.5 பாகையில் ‘பீ.ஏ.’ என்கிற இன்னொரு வகை 1884இல் வந்தது. பிறகு மோட்டார் வாகனங்களின் அதிர்வைத் தாங்குவதற்கு நெருக்கமான புரியுள்ள ‘பீ.எஸ்.எஃப்.’ வந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் காரொன்றைக் கழற்றினால் இயந்திரத்தில் ஒரு வகை, மின்சாரச் சாமான்களில் இன்னொரு வகை என்று இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இதிலும் விசித்திரமான கதை ஒன்று இருக்கிறது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் ஹொட்ச்கிஸ் என்கிற பிரெஞ்சு ஆயுதக் கம்பனி இங்கிலாந்தின் கொவென்றியில் தொழிற்சாலை வைத்தது. அங்கிருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு மெற்றிக் புரி வெட்டுபவை. 1923இல் வில்லியம் மொறிஸ் அந்தத் தொழிற்சாலையை வாங்கி, அங்கே கார் இயந்திரங்கள் செய்தார். ஆனால் ஊரில் உள்ள மெக்கானிக்குகளிடம் இருந்தது விற்வேர்த் ஸ்பனர். ஆகவே புரி மெற்றிக், தலை விற்வேர்த் என்று ஒரு கலப்புப் போல்ற் பிறந்தது. எம்.ஜி.யின் பழைய ‘ரி’ வரிசைக் கார்களில் இந்தக் கலப்பு 1950கள் வரை நீடித்தது. இன்று அதை மீளமைப்பவர்கள் அந்தப் போல்ற்றைத் தேடி அலைகிறார்கள். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பூட்டப்போனால்தான் விசயம் தெரியும்.

இரண்டாம் உலகப்போரில் இந்தக் குழப்பம் உயிர்ப்பிரச்சினை ஆனது. ரோல்ஸ் றொய்சின் மேர்லின் விமான இயந்திரத்தை அமெரிக்காவின் பக்காட் கம்பனி செய்தபோது, அமெரிக்கத் தொழிற்சாலையில் பிரித்தானியப் புரிகளை வெட்டவேண்டி வந்தது. போர் முடிந்த பிறகு, 1948 நவம்பரில், அமெரிக்கா, பிரித்தானியா, கனடா மூன்றும் வொஷிங்டனில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தன. அதுதான் ‘யுனிஃபைட்’ புரி. கோணம் 60 பாகை. பிரித்தானியக் கார்த் தொழிற்சாலைகள் 1950களில் கொஞ்சம் கொஞ்சமாக இதற்கு மாறின. புதுப் புரியென்று மெக்கானிக்குகள் அறிய, போல்ற்றுத் தலையின் பக்கத்தில் ஒன்றோடொன்று தொட்டபடி மூன்று சின்ன வட்டங்கள், அல்லது தலையின் மேலே வட்டமான ஒரு பள்ளம் போட்டார்கள். எங்கட போத்தலில் அந்த மூன்று வட்டம் போட்டவை சிலது இருந்தன. தலையில் 8.8 என்று இலக்கம் அடித்தவையும் இருந்தன. அந்த இலக்கம் பிற்கால மெற்றிக் போல்ற்றின் அடையாளம். 1953ஆம் ஆண்டு ஒஸ்ரினில் அதற்கு வேலையே இல்லை.

பேர்மிங்ஹாமில் இருந்து

ஏ-40 செய்யப்பட்டது பேர்மிங்ஹாமின் லோங்பிரிஜ் தொழிற்சாலையில். பிரித்தானியாவின் திருகாணித் தலைநகரமும் அந்தப் பகுதிதான். 1854இல் ஜோன் சட்டன் நெற்றில்ஃபோல்ட் என்பவர், கூர்முனையுள்ள மரத்திருகாணியைச் செய்கிற அமெரிக்க இயந்திரங்களின் உரிமையை வாங்கினார். அதற்கு முதல் திருகாணிகளின் முனை மொட்டையாகத்தான் இருக்கும். முதலில் துளை போட்டால்தான் இறங்கும். இந்த முதலீட்டில் அவருடைய மைத்துனரும் பங்கு போட்டு, கணக்கு வழக்கைப் பார்க்கத் தன் 18 வயது மகனை லண்டனில் இருந்து அனுப்பிவைத்தார். அந்தப் பெடியனின் பெயர் ஜோசப் சேம்பர்லின். 20 வருசம் திருகாணி விற்றுப் பெரும் பணக்காரராகி, பேர்மிங்ஹாமின் மேயராகி, 1895 முதல் 1903 வரை பிரித்தானியாவின் குடியேற்றநாட்டு அமைச்சராக இருந்தார். அப்போது இலங்கையும் அந்த அமைச்சின் கீழ்தான் இருந்தது.

திருகாணி விற்ற காசில் அரசியலுக்கு வந்த ஒருவர் லண்டனில் இருந்து எங்களை ஆண்டிருக்கிறார் என்பதைச் சரித்திரப் புத்தகத்தில் நான் வாசித்த ஞாபகம் இல்லை. நெற்றில்ஃபோல்ட் கம்பனி 1902இல் வேறு கம்பனிகளோடு சேர்ந்து ஜீ.கே.என். ஆனது.

தலையைப் பார்த்து வயது சொல்லலாம்

போத்தலில் இருந்தவற்றை முதலில் தலையின்படி பிரித்தேன். நேர்க்கோட்டு வெட்டு உள்ளவை ஒரு பக்கம். சிலுவை வெட்டு உள்ளவை மற்றப் பக்கம்.

நேர்வெட்டு பழையது. அதில் திருப்புளி நழுவும். கையால் பூட்டும்போது சமாளிக்கலாம், தொழிற்சாலையில் இயந்திரத்தால் பூட்டும்போது அது பெயின்ற்றைக் கீறிவிடும். அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி பிலிப்ஸ் 1936இல் சிலுவை வெட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் திருப்புளி தானாகவே நடுவில் போய் உட்காரும். ஜெனரல் மோட்டோர்ஸ் தன்னுடைய கடிலாக் கார்களில் அதைப் பயன்படுத்தத் தொடங்க, மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

சிலுவைக்குள்ளேயும் இரண்டு சாதி இருக்கிறது. சில தலைகளில் பெரிய சிலுவையின் கைகளுக்கு இடையில் நான்கு மெல்லிய கோடுகள் இருக்கும். அது ‘பொசிட்றைவ்’. 1960களில் வந்தது. ஆகவே 1953ஆம் ஆண்டுக் காரில் அந்த நான்கு கோடு தெரிந்தால், அது பிறகு பூட்டியது. இதில் விவாதத்துக்கு இடமே இல்லை. எங்கட காரின் முன் கதவுப் பிடியில் அப்படி ஒன்று இருந்தது. சித்தப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "கழட்டி எறி" என்று ஒரு வரிப் பதில் வந்தது. நான் கழற்றிப் போத்தலுக்குள் போட்டேன்.

முலாம்

தலையும் புரியும் சரியாக இருந்தாலும் காணாது. வெளிச்சத்தில் அது எப்படி மினுங்குகிறது என்பதுதான் கடைசிச் சோதனை. உருக்குக்குக் கறள் பிடிக்கும். உப்புக்காற்று வீசுகிற எங்கட குடாநாட்டில் கேட்கவே தேவையில்லை. அதைத் தடுக்க ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு வழி பிடித்தார்கள். அதனால் முலாமும் ஒரு பிறப்புச் சாட்சிப்பத்திரம் மாதிரி.

1920களின் நடுப்பகுதி வரை கார்களில் மினுங்கியது நிக்கல். நிக்கலின் நிறத்தில் ஒரு மெல்லிய மஞ்சள் சாயல் இருக்கும். துடைக்காமல் விட்டால் மங்கும். அதன்பிறகு குரோமிய முலாம் தொழிற்சாலைக்கு வந்தது. 1930 அளவில் பெரும்பாலான கார்கள் அதற்கு மாறிவிட்டன. குரோமியம் நீலச் சாயலோடு, குளிர்ச்சியாக, கண்ணாடி மாதிரி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஆகவே 1922ஆம் ஆண்டுக் காரில் குரோமியத் திருகாணி இருந்தால் பிழை. 1953ஆம் ஆண்டுக் காரில், வெளியில் தெரிகிற இடத்தில், நிக்கல் மட்டும் பூசினால் அதுவும் பெரும்பாலும் பிழை. குரோமியத்துக்கு அடியிலும் நிக்கல்தான் இருக்கும். கறளை உண்மையில் தடுப்பது அந்த அடிப்படைதான்.

இதிலும் விதிவிலக்கு இருக்கிறது. 1950இல் கொரியாவில் போர் தொடங்கியது. நிக்கல் ஆயுதத்துக்கும் ஜெற் இயந்திரத்துக்கும் போனது, கார்களுக்குத் தட்டுப்பாடு. அந்த நாட்களில் வந்த மொறிஸ் மைனர்களில் முன்கிறில் குரோமியத்துக்குப் பதிலாகப் பெயின்ற் அடித்தே வெளிவந்தது. இன்று ஒருவர் அப்படியான காரை வாங்கி, பாவம், மினுங்கவே இல்லையே என்று குரோமியம் பூசினால், அவர் காரை அழகாக்குகிறார். ஆனால் கொரியப் போரை அதிலிருந்து அழிக்கிறார். இதை வாசித்தபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

மறைவான இடங்களில் உள்ள போல்ற்றுகளுக்கு அந்தக் காலத்தில் கட்மியம் பூசினார்கள். மங்கலான வெள்ளிச் சாம்பல் நிறம். உப்புத் தண்ணீரைத் தாங்கும், வழவழப்பாக இருப்பதால் பூட்டுவதும் சுகம். ஆனால் கட்மியம் நஞ்சு. யப்பானின் தொயாமாப் பகுதியில் சுரங்கக் கழிவில் இருந்த கட்மியம் ஆற்றில் கலந்து, நெல்லுக்குப் போய், சனங்களின் எலும்புகளை முறித்தது. அந்த நோய்க்கு யப்பானியப் பெயர் ‘இத்தாய் இத்தாய்’. ‘நோகுது நோகுது’ என்பதுதான் அதன் அர்த்தம். 1968இல் யப்பானிய அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2000ஆம் ஆண்டின் சட்டத்தால் புதுக் கார்களில் ஈயம், இரசம், கட்மியம், அறுவலுக் குரோமியம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தியது. அதனால் இன்று கடையில் வாங்கும் போல்ற்றுகளில் இருப்பது பெரும்பாலும் நாக முலாம். நீலமாகவோ மஞ்சளாகவோ பளபளக்கும். பழைய காரில் அது தனியாகத் தெரியும்.

இவற்றைவிடக் கறுப்பு வகைகளும் உண்டு. சூடாக்கி எண்ணெயில் தோய்த்தவை, ஒட்சைட்டுக் கறுப்பு, பொசுபேற்றுப் பூச்சு. பொசுபேற்று முறைக்கு இங்கிலாந்தில் தொமஸ் கொஸ்லெற் 1906இல் காப்புரிமை எடுத்தார். அது கடற்பஞ்சு மாதிரி எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும். எண்ணெய் இல்லாவிட்டால் அதற்குப் பலன் குறைவு.

எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் செய்வது

50, 60 வருசம் கறள் பிடித்த திருகாணியில் முலாம் எங்கே தெரியும்? இதற்கு அண்ணை ஒரு வழி சொன்னார். "தலையைப் பாக்காத தம்பி. வொஷருக்கு அடியில பார்." உண்மைதான். வொஷர் மூடியிருந்த இடத்திலும், நட்டுக்குள் இருந்த புரியிலும் காற்றும் தண்ணியும் போகாது. அங்கே முதல் நாள் பூச்சு ஒரு மெல்லிய வளையமாகத் தப்பியிருக்கும். கதவின் உள் மட்டையைக் கழற்றினால், அதற்குப் பின்னால் தொழிற்சாலைக்குப் பிறகு யாரும் தொடாத திருகாணிகள் இருக்கும். அவைதான் சாட்சி. கழற்ற முதல் படம் எடுங்கள், எந்த இடம் என்று எழுதி ஒரு பையில் போடுங்கள். தொல்லியல் ஆட்கள் செய்கிற அதே வேலைதான்.

செய்கிற முறையில் முதல் விதி, கிடைத்ததைக் காப்பாற்றுவது. கறள் பிடித்ததை வினாகிரியில் அல்லது தண்ணீர் கலந்த கருப்பஞ்சாற்றுப் பாகில் ஊறப்போட்டால் கறள் மெல்லக் கரையும். பாகுக்கு வாரக்கணக்கில் நேரம் வேண்டும், ஆனால் உருக்கை அரிக்காது. பிறகு மெருகேற்றி, முலாம் பூசுகிற இடத்தில் கொடுக்கலாம். மின்முலாமிடல் நாங்கள் படித்ததுதான்: திருகாணி கதோட்டு, நிக்கல் தகடு அனோட்டு, நடுவில் நிக்கல் உப்புக் கரைசல். வீட்டில் செய்துபார்க்க ஆசை வரும். ஆனால் கறையில்லா உருக்குக் கரண்டியை அனோட்டாக வைக்கவே கூடாது. அதிலிருந்து அறுவலுக் குரோமியம் வரும், அது புற்றுநோய் தரக்கூடியது. பழைய கட்மியத் திருகாணியை உலரத் தேய்க்கவும் கூடாது, சூடாக்கவும் கூடாது.

கட்மியத்தின் நிறம் வேண்டுமென்றால், பளபளப்பு சேர்க்காத நாக முலாம் பூசி, மெல்லிய கம்பித் தும்பால் மங்கச் செய்தால் கிட்டத்தட்ட வரும். புதுப் போல்ற்றின் தலையில் உள்ள இலக்கத்தை அராவி எடுத்துவிட்டுப் பழைய பூச்சுப் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அலங்காரத் திருகாணிக்கு அது பரவாயில்லை. பிறேக்குக்கும் ஸ்ரியறிங்குக்கும் வேண்டாம். உறுதியான உருக்கை அமிலத்தில் போட்டால் ஐதரசன் உள்ளே புகுந்து அதை நொறுங்கக்கூடியதாக்கிவிடும். வெளியில் பார்க்க அருமையாக இருக்கும். ஓடும்போது சட்டென்று முறியும். அந்த இடங்களில் அழகு இரண்டாம் பட்சம்.

இன்னொரு பிழை, கூடிப்போவது. எல்லா நேர்வெட்டையும் ஒரே திசையில் நிற்கும்படி பூட்டி, ஒவ்வொன்றையும் கண்ணாடி மாதிரி மினுக்கி, தொழிற்சாலையில் வந்ததைவிடப் புதுசாக்குவது. 1953இல் லோங்பிரிஜில் ஒரு தொழிலாளி கார் வரிசை நகர்கிற வேகத்தில் பூட்டியிருப்பார். அவருக்கு வெட்டு எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்க்க நேரம் இருந்திருக்காது.

எந்தக் காலம்?

இனி, பிறகு சொல்கிறேன் என்று விட்ட விசயம்.

போத்தலில் உள்ளவை எல்லாம் பிரித்து முடிந்தது. காரில் மிஞ்சியிருந்தது ஒன்று. பொனற்றைத் திறந்தால், கார்பரேற்றருக்குப் பக்கத்தில், ஒரு தகரத் துண்டு இரண்டு திருகாணிகளால் பூட்டியிருந்தது. இரண்டும் இரண்டு வகை. ஒன்று நேர்வெட்டு, மற்றது அந்த நான்கு கோட்டுச் சிலுவை. வொஷர் எண்டு கீழே இருந்தது ரின்பால் பேணியில் வெட்டின ஒரு துண்டு. ஒஸ்ரின் கம்பனி அந்த இடத்தில் துளை போடவே இல்லை.

அப்பாவிடம் கேட்டேன். பெற்றோல் போத்தல் வைத்த இடமாம்.

1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு குடாநாட்டுக்குப் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. இருந்த கொஞ்ச வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர் இயந்திரத்தில் பற்றாது. ஆகவே கொஞ்சம் பெற்றோலைக் கார்பரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, இயந்திரம் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோல் துளித்துளியாகப் பாவிக்கிற மருந்து மாதிரி. புதுக் கார்கள் படுத்துவிட்ட அந்த நேரத்தில், அமுக்கம் குறைந்த இந்தப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் இயந்திரங்கள்தான் மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டு ஓடின. எங்கட ஊரில் ஏ-40கள் இவ்வளவு காலம் தப்பியதற்கு அதுவும் ஒரு காரணம். 1992இல் ஒரு இரவு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தப் போத்தலில் இருந்த பெற்றோலில்தான். அக்கா பிறந்தது அன்றைக்கு.

சித்தப்பா 1986இல் போனவர். அவருக்கு அந்தத் தகரம் தெரியாது. படம் அனுப்பினபோது, "ஓட்டையை அடைச்சுப் பெயின்ற் அடி" என்றார். பிழை சொல்ல முடியாது. அவர் விட்டுவிட்டுப் போன கார் அது இல்லாத கார்.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனம் ஒரு விசயம் சொல்கிறது. இல்லாமல் போனதை நிரப்பும்போது அது மொத்தத்தோடு பொருந்தவேண்டும். ஆனால் புதுசு எண்டு தெரியவும் வேண்டும், இல்லாவிட்டால் அது வரலாற்றைப் பொய்யாக்கும். அந்த வழியிலேயே, பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பான ஃபிவா பிற்காலத்தில் துரின் சாசனத்தை எழுதியது. வாகனம் தொழிற்சாலையால் வந்த நாள் மட்டும் அதன் வரலாறு இல்லை, அது ஓடின காலமும் வரலாறுதான் என்கிற பார்வை அதில் இருக்கிறது.

இந்த விவாதம் எங்களுக்குப் புதிது இல்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தை முன்பிருந்த மாதிரியே திருப்பிக் கட்டுவதா, எரிந்த சுவரைச் சாட்சியாக விடுவதா என்று கதைத்தவர்கள்தானே நாங்கள். கட்டடம் 2003இல் திறந்தது. வெள்ளையாக, வடிவாக இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு அது தேவை. ஆனால் சுவரைப் பார்த்து எரிந்த கதையை அறிய முடியாது, யாராவது சொல்லவேண்டும்.

காரின் இலக்கத் தகடும் அப்படித்தான். எங்கட தகட்டில் இருப்பது இரண்டு ஆங்கில எழுத்து. 1957 தைமாதம் தொடக்கம் பதிந்த வாகனங்களுக்குச் சிங்களச் ‘சிறீ’ வந்தது. அதற்கு எதிராகத் தமிழ்ச் ‘சிறீ’யை எழுதி, 1958இல் சிறை போனவர்களும் உண்டு; அந்த வருசக் கலவரத்துக்கு முன்னால் தார்ச்சட்டியோடு நடந்த கதை அது. அப்பப்பாவின் கார் அதற்கு முதலே பதிந்ததால் தப்பியது. தகட்டைப் பிடித்திருக்கிற இரண்டு பித்தளைத் திருகாணியையும் கழற்றவேண்டாம் என்று அண்ணையிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.

தகரத் துண்டைப் பற்றி நாங்கள் மூன்று கிழமை கதைத்தோம். கதவுப் பிடிக்கு நேர்வெட்டு, குரோமியம் பூசியது, கிடைத்துவிட்டது. உள்ளே தெரியாத இடத்துப் போல்ற்றுகளுக்கு மங்கலான நாகம். சித்தப்பா கேட்ட மாதிரியே எல்லாம் செய்தோம். கடைசியில் அப்பாதான் கோலை வாங்கி, தன் தம்பியிடம் அந்த 1992 இரவைச் சொன்னார். அவ்வளவு நேரம் அவர் அதைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை. மற்றப் பக்கத்தில் கனநேரம் சத்தமில்லை. பிறகு சித்தப்பா, "பொனற் மூடித்தானே இருக்கும். அது கிடக்கட்டும் அண்ணை" என்றார்.

அது கிடக்கிறது. நேர்வெட்டு ஒன்று, நான்கு கோட்டுச் சிலுவை ஒன்று, அடியில் ரின்பால் பேணி வொஷர். கறள் கூடாமல் இருக்க கொஞ்சம் எண்ணெய் மட்டும் பூசினேன். இனி நீங்கள் உங்கட வீட்டுப் பழைய சைக்கிளையோ, தையல் மெசினையோ, ரேடியோவையோ கழற்றப்போகிறீர்கள் என்றால், பொருந்தாத ஒரு திருகாணியைக் கண்டவுடன் எறிந்துவிடாதீர்கள். யார் பூட்டினது, எப்போது, ஏன் என்று வீட்டில் ஒருக்கால் கேளுங்கள். கேட்டுவிட்டு மாற்றுவதா விடுவதா என்று முடிவெடுங்கள்.